இடுப்பு மூட்டுக்குள் இரண்டாவது தடவை

பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகள் "கவட்டுல பிடிக்குது" என்று எங்கள் கிளினிக்குக்கு வந்தால், பெரும்பாலும் ஆபரேஷன் என்ற பேச்சே எழாது. தசைப்பிடிப்பாக இருக்கும், பின்பக்கத் தசை பலவீனமாக இருக்கும், இல்லையென்றால் ஒரே வாரத்தில் மூன்று ஊர் டோர்னமென்டில் ஆடிவிட்டு வந்திருப்பார்கள். ஓய்வும் எக்சர்சைசும் போதும். கொஞ்சம் பேருக்குத்தான் சின்ன ஓட்டை வழியாகக் கேமரா விட்டுச் செய்கிற கீஹோல் ஆபரேஷன், அதாவது ஆர்த்ரோஸ்கோப்பி வரை போகும். அதிலும் ரொம்பக் கொஞ்சம் பேர் அதே மூட்டுக்காக இரண்டாவது தடவை ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிறார்கள். அவர்களைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. கேட்கிற பெற்றோர் மட்டும் அப்பப்போ போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

மதுரை கே.புதூரில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். வருகிறவர்கள் "டாக்டரம்மா" என்பார்கள். "டாக்டர் இல்லைங்க, பிசியோ" என்று திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. மூட்டுக்குள் போய் வேலை பார்ப்பவர் சர்ஜன். அது முடிந்து ஆறு மாசம், ஒரு வருஷம் அந்தக் காலோடு மல்லுக்கட்டுவது நாங்கள். இந்தப் பதிவில் இருப்பது எங்கள் பக்கத்திலிருந்து தெரிகிற காட்சி.

அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. பெயர் வேண்டாம், வீட்டில் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அந்தப் பக்கம் ஜல்லிக்கட்டுக்குப் பேர்போனது என்றாலும், வாடிவாசல் திறப்பது தை மாசம் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் சாயங்காலம் ஆனால் கபடி. இவள் பள்ளிக்கூட டீமில் லெஃப்ட் கார்னர். கார்னரில் நிற்கிறவள் முழங்காலை மடக்கி, இடுப்பை நன்றாக இறக்கி, பாடி வருகிற பெண்ணின் கால் நீளும்வரை அப்படியே காத்திருக்க வேண்டும். கால் நீண்ட அந்த நொடியில் பாய்ந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். பதினோராம் வகுப்பில் அப்படிப் பாயும்போதுதான் வலது கவட்டில் சுரீர் என்றதாம்.

பி.டி. சார் ஸ்ப்ரே அடித்தார். அப்பத்தா விளக்கெண்ணெய் தடவி உருவிவிட்டார். பக்கத்து ஊர் வைத்தியரிடம் பத்துக் கட்டினார்கள். கடைசியில் ஒரு வெளியூர் ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுத்து, "மூட்டு விளிம்பு கிழிந்திருக்கிறது" என்று சொல்லி கீஹோல் ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். தையல் பிரித்தாயிற்று, இரண்டு வாரத்தில் நடக்கலாம், மூன்று மாசத்தில் விளையாடலாம். அவ்வளவுதான் சொன்னது. பிசியோதெரபி பற்றி ஒரு தாளில்கூட எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. ஐந்தாறு மாசம் பரவாயில்லாமல் இருந்தது. பிறகு பழைய வலி திரும்பி வந்தது. கூடவே புதிதாக ஒன்று: உட்கார்ந்து எழுந்தால் தொடை உள்ளே எதிலோ ஒட்டிக்கொண்டு வருகிற மாதிரி ஒரு இழுப்பு.

என்னிடம் வந்தபோது அவள் அப்பா ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றை மேஜைமேல் வைத்தார். அதற்குள் எக்ஸ்ரே, ஸ்கேன் படம், மருந்துச் சீட்டு, பில் எல்லாம் இருந்தது. ஆபரேஷனில் உள்ளே என்ன பார்த்தார்கள், என்ன செய்தார்கள் என்கிற குறிப்பு மட்டும் இல்லை. "மறுபடியும் கத்தி வைக்கணுங்கிறாங்க டாக்டரம்மா. இந்தத் தடவயாச்சும் நல்லாயிருமா?" என்று கேட்டார்.

எல்லாப் பெற்றோரும் கேட்கிற கேள்வி இது. இதற்கு நேராகப் பதில் சொல்ல முடியாது. இதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: முதல் ஆபரேஷன் ஏன் கைகொடுக்கவில்லை? இதற்கு விடை தெரிந்தால் இரண்டாவதற்கு ஓரளவு நம்பிக்கையோடு போகலாம். விடை தெரியாமல், "எதற்கும் ஒரு தடவை கேமரா விட்டுப் பார்ப்போம்" என்று போவது எனக்குப் பிடிக்காத காரியம்.

மூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொடை எலும்பின் தலை உருண்டையாக இருந்தால், இடுப்பெலும்பில் அதைத் தாங்குகிற கிண்ணத்துக்குள் தடையில்லாமல் சுழலும். சிலருக்குத் தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் எலும்பு கொஞ்சம் புடைத்திருக்கும். குழவி ஒரு பக்கம் புடைத்துப்போய், சுற்றும்போதெல்லாம் ஆட்டுரலின் விளிம்பில் இடித்தால் எப்படி இருக்கும்? அதுதான் இங்கேயும் நடக்கிறது. இந்தப் புடைப்புக்கு கேம் என்று பெயர். கிண்ணத்தின் விளிம்பே அதிகமாக வளர்ந்து இடித்தால் பின்சர். விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம் போல இருக்கிற லேப்ரம் அந்த இடியில் கிழிகிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இருந்த ரைன்ஹோல்ட் கான்ஸ் என்ற சர்ஜனும் அவருடைய குழுவும் 2003-ல் இதை விளக்கி எழுதிய பிறகுதான், இளம் வயது இடுப்பு வலியைப் பார்க்கிற பார்வையே மாறியது. கிழிசல் விளைவு, காரணம் எலும்பின் வடிவம் என்பது அப்போது தெளிவாயிற்று.

இந்தப் புடைப்பு பிறவியிலேயே முழுசாக வந்துவிடுவதும் இல்லை. எலும்பு வளர்கிற இடமான வளர்ச்சித் தட்டு மூடாத வயதில், பன்னிரண்டு பதின்மூன்றிலிருந்து, கடுமையாக விளையாடுகிற பிள்ளைகளுக்குத்தான் அதிகமாக உருவாகிறது. ஃபுட்பால், ஐஸ் ஹாக்கி, பாஸ்கெட்பால் ஆடுகிற பையன்களிடம் இதை நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். தட்டு மூடியபின் புடைப்பு பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். எங்கள் ஊர்க் கபடிப் பிள்ளைகளும் அதே வயதில் அதைவிடத் தாழ்வாகக் குனிந்து ஆடுகிறார்கள். நான் பார்த்த இடுப்புகளை வைத்துச் சொல்வதென்றால், அவர்களையும் யாராவது வரிசையாக நிறுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

சரி, முதல் ஆபரேஷன் ஏன் கைகொடுப்பதில்லை? முதல் சந்தேகம் மிச்சம் விட்ட எலும்பு. 2007-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு ஆய்வில், இரண்டாவது தடவை ஆபரேஷனுக்கு வந்த 37 பேரில் 36 பேருக்கு எக்ஸ்ரேயில் எலும்பு இடிப்பு இன்னும் இருந்தது. கிழிசலைக் கவனித்திருக்கிறார்கள்; இடிக்கிற எலும்பைச் சீவவில்லை, அல்லது போதுமான அளவு சீவவில்லை. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது.

இதற்காக சர்ஜன்களை மட்டும் திட்டிப் பயனில்லை. இந்த மூட்டு ஆழத்தில் இருக்கிறது. 1931-ல் நியூயார்க்கில் பர்மன் என்பவர் பிணங்களில் ஒவ்வொரு மூட்டாகக் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, இடுப்பில் மட்டும் தலைக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஊசியை நுழைப்பதே நடக்காத காரியம் என்று எழுதினார். இப்போது ட்ராக்‌ஷன் மேஜையில் காலைக் கட்டி இழுத்து, சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி உண்டாக்கித்தான் உள்ளே போகிறார்கள். ரொம்ப நேரம் இழுத்துவைத்தால் நரம்பு மரத்துப்போகும். அதனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்ய வேண்டும். எலும்பை அதிகமாகச் சீவினாலும் ஆபத்து. கழுத்தின் தடிமனில் 30 சதவீதத்துக்கு மேல் போனால் முறியும் வாய்ப்பு கூடுகிறது என்று பரிசோதனையில் காட்டியிருக்கிறார்கள். குறைவாகச் சீவினால் வலி திரும்பி வரும்.

இந்தப் பெண்ணுக்கு முதல் தடவை எடுத்த எக்ஸ்ரே நேர்ப்படம் மட்டும்தான். முன்பக்கமாக இருக்கிற புடைப்பு நேர்ப்படத்தில் ஒளிந்துகொள்ளும். இடுப்பை 45 டிகிரி மடக்கி எடுக்கிற டன் வியூ படத்தை, இரண்டாவது ஆபரேஷனுக்காகப் போன கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். அதில் புடைப்பு பளிச்சென்று தெரிந்தது. பாதி சீவி, பாதி விட்டிருந்தது.

அங்கே செய்த இன்னொரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மூட்டுக்குள் மரப்பு ஊசி போட்டுப் பார்த்தார்கள். வலி மூட்டுக்குள்ளிருந்து வருகிறதென்றால் ஊசி வேலை செய்யும் சில மணி நேரத்துக்குக் குறைய வேண்டும். வெளித்தசையிலிருந்தோ முதுகிலிருந்தோ வருகிறதென்றால் பெரிதாக மாற்றம் இருக்காது. ஊசி போட்ட அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவள் குந்தி உட்கார்ந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து எழுந்து எனக்கு வீடியோ அனுப்பினாள். பின்னால் அவள் அம்மா, "போதும்டி, விழுந்துறாத" என்று கத்துவது கேட்டது. சாயங்காலம் மருந்து இறங்கியதும் வலி திரும்பிவிட்டது. ஆனால் பிரச்சினை எங்கே என்று தெரிந்துவிட்டது.

மருந்து செலுத்தி எடுத்த எம்.ஆர்.ஐ.யில் இரண்டாவது காரணமும் தெரிந்தது: ஒட்டுதல். லேப்ரம் மூட்டு உறையோடு போய் ஒட்டியிருந்தது. ஆபரேஷன் ஆன மூட்டு அசையாமல் கிடந்தால் ஆறும்போது இப்படித்தான் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பதின்ம வயதுப் பிள்ளைகளின் இரண்டாவது ஆபரேஷனில் அடிக்கடி கண்ணில் படுகிற காரணங்களில் இது ஒன்று. இளம் உடம்பு சீக்கிரம் ஆறும் என்று சந்தோஷப்படுகிறோம். தேவையில்லாத இடத்திலும் அது சீக்கிரம் ஒட்டும்.

இன்னும் இரண்டு காரணம் உண்டு. மூட்டு உறையை வெட்டித்தான் உள்ளே போகிறார்கள். அதைச் சரியாக மூடாவிட்டால், இயல்பிலேயே உடம்பு வளைகிற பெண்பிள்ளைகளுக்கு மூட்டு தளர்ந்துபோகும். பரதநாட்டியம் ஆடுகிற பிள்ளைகளிடம் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கை பின்னால் வளைகிறதா என்று சோதிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

அடுத்தது, கிண்ணமே ஆழம் குறைவாக இருப்பது. டிஸ்ப்ளேசியா. எக்ஸ்ரேயில் கிண்ணம் தலையை மூடுகிற கோணம் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால், கேமரா ஆபரேஷன் மட்டும் செய்வது பெரும்பாலும் கைகொடுக்காது. மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு இப்படித்தான். ஒரு ஆபரேஷன் முடிந்து வலி திரும்பி, இரண்டாவதுக்குத் தேதி கேட்கப் போனான். அந்த சர்ஜன் படத்தைப் பார்த்துவிட்டு, "கேமரா வேண்டாம்பா, கிண்ணத்தையே வெட்டித் திருப்பி வைக்கிற பெரிய ஆபரேஷன்தான் உனக்குச் சரி" என்று திருப்பி அனுப்பினார். வீட்டில் அந்த டாக்டர்மேல் பயங்கரக் கோபம். சின்ன ஓட்டையில் முடிகிற வேலையைப் பெரிதாக்குகிறாராம். எனக்கு அவர்மேல் மரியாதைதான் கூடியது.

அலங்காநல்லூர்ப் பெண்ணுக்கு பிளஸ் டூ பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்தோம். அந்த இடைவெளியில் அவள் அம்மா ஒரு நாள் தனியாக வந்தார். வெகு நேரம் மின்விசிறியைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசிவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"பொம்பளப் புள்ள. இடுப்புல ரெண்டு ஆபரேசன். நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணும். பிள்ளப்பேறுக்கு எதுவும் ஆயிருமா டாக்டரம்மா?"

இந்தக் கேள்வியை அப்பாக்கள் என்னிடம் கேட்டதில்லை. அம்மாக்கள் கேட்காமல் இருந்ததில்லை. இடுப்பெலும்பு மாதிரி பொம்மையை எடுத்துக் காட்டினேன். "அக்கா, குழந்தை வருகிற வழி இந்த வளையத்துக்கு நடுவில் இருக்கிறது. ஆபரேஷன் நடப்பது வெளிப்பக்கம், இந்தக் கிண்ணத்தில். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமில்லை. சுகப்பிரசவத்துக்கு இந்த ஆபரேஷன் தடை கிடையாது" என்றேன். பொம்மையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தழும்பு?" என்றார். இரண்டு மூன்று சின்னத் தையல், தொடையின் பக்கவாட்டில். "அப்பச் சரி, வெளியில யாருகிட்டயும் சொல்லிக்கிற வேணாம்" என்று எழுந்து போனார். சொல்லிக்கொள்ளாமல் எப்படி ஊன்றுகோலோடு ஊருக்குள் நடப்பது என்று நான் கேட்கவில்லை.

இனி, நம்பிக்கை எவ்வளவு வைக்கலாம் என்ற கணக்குக்கு வருவோம்.

பெரியவர்களிலும் சரி, பதின்ம வயதினரிலும் சரி, இரண்டாவது ஆர்த்ரோஸ்கோப்பி பற்றி வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். முன்பு இருந்ததைவிட நிலைமை முன்னேறுகிறது. ஆனால் ஒரே தடவையோடு முடிந்தவர்கள் போய்ச் சேருகிற உயரத்துக்கு இரண்டாவது தடவைக்காரர்கள் சராசரியாகப் போய்ச் சேருவதில்லை. அவர்கள் தொடங்குவதே கீழே இருந்துதான். மேஜைமேல் படுக்கும்போதே வலி அதிகம், தசை வற்றியிருக்கும், மனசும் விட்டுப்போயிருக்கும். சீவ வேண்டிய எலும்பு மிச்சமிருக்கிறது, பிரிக்க வேண்டிய ஒட்டுதல் இருக்கிறது என்று திட்டவட்டமாகத் தெரிந்துகொண்டு போவதுதான் அர்த்தமுள்ள வழி.

முதல் ஆபரேஷனைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டனில் 23 ஆஸ்பத்திரிகளில் 348 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆர்த்ரோஸ்கோப்பியும் மறுபாதிக்கு முறையான பிசியோதெரபியும் கொடுத்துப் பார்த்தார்கள். ஃபேஷன் ட்ரயல் என்று பெயர். முடிவு 2018-ல் லான்செட் இதழில் வந்தது. இரண்டு பக்கமும் முன்னேறியது. ஒரு வருஷத்தில், நூறுக்குப் போடுகிற மதிப்பெண்ணில் ஆபரேஷன் பக்கம் சராசரியாக 6.8 அதிகம். பதினாறு வயசுக்கு மேற்பட்டவர்களிடம் செய்தது அது. ஆபரேஷன் ஜெயித்தது உண்மை. ஆனால் அந்த இடைவெளி, ஊரில் பேசிக்கொள்கிற அளவுக்குப் பெரிசில்லை. "கீஹோல் பண்ணா மறுநாளே ஓடலாம்" என்று சொல்கிற சொந்தக்காரர்கள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது இருக்கிறார்கள்.

இந்த மதிப்பெண் சமாச்சாரத்தில் எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. இடுப்பு ஆபரேஷன் ஆய்வுகளில் அதிகம் புழங்குவது திருத்திய ஹாரிஸ் ஸ்கோர். பாஸ்டனில் வில்லியம் ஹாரிஸ் என்ற சர்ஜன் 1969-ல் வெளியிட்ட அளவுகோலிலிருந்து வந்தது. வலிக்கு 44 மதிப்பெண். நொண்டுவதற்கு 11, ஊன்றுகோலுக்கு 11, நடக்கும் தூரத்துக்கு 11. படி ஏற 4. ஷூவும் சாக்ஸும் போட 4. நாற்காலியில் உட்கார 5. பஸ்ஸில் ஏற 1. மொத்தம் 91. அதை 1.1-ஆல் பெருக்கினால் நூறு.

மதுரையில் உட்கார்ந்துகொண்டு இந்தப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். குந்த முடிகிறதா என்று எங்கேயும் கேட்கவில்லை. சம்மணம் போட்டுச் சாப்பிட முடிகிறதா, கேட்கவில்லை. வாசலில் குனிந்து கோலம் போட முடிகிறதா, இந்திய டாய்லெட்டில் உட்கார்ந்து எழ முடிகிறதா, எதுவும் இல்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் சாக்ஸே போடுவதில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் அவளுக்கு நான் போட்ட கணக்கு இது: வலி நடுத்தரம், 20. லேசாக நொண்டல், 8. ஊன்றுகோல் இல்லை, 11. ஓரளவு தூரம் நடக்கிறாள், 8. கைப்பிடியைப் பிடித்துப் படி ஏறுகிறாள், 2. ஷூ போடச் சிரமம், 2. அரை மணி நேரத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார முடியவில்லை, 3. பஸ் 1. கூட்டினால் 55, பெருக்கினால் 60.5. இரண்டாவது ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் கழித்து அதே படிவம்: வலி லேசு, 30. மற்றதெல்லாம் முழு மதிப்பெண். 77, அதாவது 84.7.

ஆய்வுக் கட்டுரையில் இது "நல்ல முடிவு" என்ற கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். கிட்டத்தட்ட 24 மதிப்பெண் முன்னேற்றம், கைதட்டலாம். ஆனால் அன்றைக்கு அவளால் கார்னரில் இடுப்பை இறக்கி ஒரு ரெய்டு முழுக்க நிற்க முடியவில்லை. விளையாடுகிற பிள்ளைகளுக்கு ஹாரிஸ் ஸ்கோர் போதாது என்பது உலகம் முழுக்கத் தெரிந்ததுதான். ஓடுவது, குதித்து இறங்குவது, சட்டென்று திரும்புவது பற்றித் தனியாகக் கேட்கிற ஹெச்.ஓ.எஸ். ஸ்போர்ட், ஐஹாட் 12 மாதிரியான படிவங்கள் எல்லாம் வந்துவிட்டன. உங்கள் பிள்ளைக்கு யாராவது "85 வந்திருக்கு, சூப்பர்" என்று சொன்னால், எந்தப் படிவத்தில் 85 என்று கேளுங்கள்.

இரண்டாவது ஆபரேஷனில் மிச்ச எலும்பைச் சீவினார்கள், ஒட்டுதலைப் பிரித்தார்கள், லேப்ரத்தை மறுபடி நங்கூரம் போட்டுத் தைத்தார்கள், உறையையும் மூடினார்கள். இந்தத் தடவை டிஸ்சார்ஜ் சீட்டோடு எக்சர்சைஸ் தாளும் வந்தது. தொடையின் வெளிப்பக்கம் ஒரு கை அகலத்துக்கு மரத்துப்போயிருந்தது. ஊருக்கு வந்த மறுநாளே, "மேம், கால் செத்துப்போச்சா?" என்று போனில் அழுதாள். தோலுக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்பு ஒன்று அந்த வழியாகப் போகிறது. பெரும்பாலும் தானாகச் சரியாகும், கால் பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். சில மாசத்தில் சரியாகிவிட்டது.

ஒட்டுதல் திரும்ப வராமலிருக்க முதல் சில வாரம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பிள்ளை தசையை இறுக்காமல் படுத்திருக்க வேண்டும். இன்னொருவர் ஒரு கையால் முழங்காலையும் இன்னொரு கையால் கணுக்காலையும் தாங்கி, தொடையைச் சின்ன வட்டமாகச் சுற்ற வேண்டும். முழங்கால் மடங்கிய நிலையில் கொஞ்ச நேரம், நீட்டிய நிலையில் கொஞ்ச நேரம். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். தினமும், ஒரு நாளில் பல தடவை. பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். இதற்குக் கூலி ஆள் வைக்க முடியாது. அம்மாதான் செய்தார். டி.வி.யில் சீரியல் ஓடும், கை பாட்டுக்கு வட்டம் போடும். ஒரு நாள் வீடியோ காலில் பார்த்தபோது வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. "அக்கா, சீரியலில் சண்டை வந்தால் சுற்றுவதை நிறுத்திவிடுங்கள்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

சுமை இல்லாமல் சைக்கிள் மிதிப்பதும் இதே காரியத்துக்குத்தான். கிளினிக்கில் துருப்பிடித்துக் கிடந்த பழைய எக்சர்சைஸ் சைக்கிளைத் தன் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார் அவள் அப்பா. சீட்டை உயர்த்திவிட்டால் இடுப்பு அதிகம் மடங்காது. டாய்லெட்டுக்கு நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டார்கள். குந்துவதும் சம்மணம் போடுவதும் மாசக்கணக்கில் கிடையாது. இதில்தான் வீட்டுக்கு வீடு போராட்டம். கோயிலில் அன்னதானப் பந்தியில் எல்லோரும் தரையில் உட்கார, பிள்ளை மட்டும் நின்றுகொண்டு இருந்தால் நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும்.

மூன்று மாசத்தில் விளையாடலாம் என்ற கதையை இந்தத் தடவை நான் யாரையும் சொல்லவிடவில்லை. காலண்டரைப் பார்த்து அனுப்புவதில்லை. ஒற்றைக்காலில் தாண்டுகிற தூரம், தொடையை உள்ளே நெருக்குகிற பலம், பக்கவாட்டில் தூக்குகிற பலம் எல்லாம் நல்ல காலோடு ஒப்பிட்டால் பத்தில் ஒன்பது பங்காவது இருக்க வேண்டும். அதுவரை களத்தில் இறங்கக் கூடாது. அவளுக்கு அது வர ஒன்பது மாசத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான தேர்வு வந்து போனது. அவளுக்கு முன்பு கிடைத்த சான்றிதழ்களை வைத்தே இடம் கிடைத்தது, ஆடிக்காட்டச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீட்டில் என் பேச்சு எடுபட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். அரசு வேலையிலும் விளையாட்டுக்கு ஒதுக்கீடு இருக்கிற மாநிலத்தில், பதினேழு வயசுப் பிள்ளையின் இடுப்பு அவளுடையது மட்டும் இல்லை, குடும்பத்தின் வருங்காலம் அதில் தொங்குகிறது.

இப்போது கல்லூரி டீமில் கவர் பொசிஷனில் ஆடுகிறாள். கார்னர் அளவுக்கு இறங்கி நிற்க வேண்டாம். ஓடிவந்து மோதித் தள்ளுகிற வேலை. கோச்சுக்கு அதில் திருப்தி இல்லை. "கார்னர்ல இவள மாதிரி கணுக்கால் பிடிக்கிற ஆளு கிடையாதுங்க, எப்ப மாத்தலாம்?" என்று போன மாசம்கூடக் கேட்டார். மாற்றப் போவதில்லை என்று நானும், பார்ப்போம் என்று அவளும் சொல்லியிருக்கிறோம். ஆடிய மறுநாள் காலையில் கொஞ்சம் பிடிக்கிறது, ஐஸ் வைத்தால் மத்தியானத்துக்குள் விட்டுவிடுகிறது. குந்த முடிகிறது, ரொம்ப நேரம் முடியாது.

அவள் அப்பா சமீபத்தில் கேட்டார்: "ஒருவேள மறுபடியும் வந்துச்சுன்னா, மூணாவது தடவையும் உண்டா டாக்டரம்மா?"

உண்டு, உலகத்தில் செய்கிறார்கள். ஆனால் அந்த நிலைமை வந்தால் கேமரா சர்ஜனிடம் மட்டும் போகக் கூடாது. தொடை எலும்பின் முறுக்கு எவ்வளவு என்று சி.டி. ஸ்கேனில் அளந்து பார்க்க வேண்டும். மூட்டைத் திறந்து செய்கிற ஆபரேஷனிலும் கைதேர்ந்த ஒருவர் பார்க்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, "அண்ணே, இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். கோயம்புத்தூரில் ஆபரேஷன் குறிப்பும், உள்ளே எடுத்த படங்களும் கேட்டு வாங்குங்கள். முதலில் செய்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். நோயாளி கேட்டால் தர வேண்டிய காகிதம்தான் அது" என்றேன். கோயம்புத்தூர்க் காகிதம் வந்துவிட்டது, கட்டைப்பையில் இருக்கிறது. முதல் ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை அலையவிட்டார்கள். அடுத்த வாரம் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி மறுபடி போகிறார். மனுவின் நகலில் சீல் வாங்காமல் திரும்பக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.